உங்கள் புல் செத்துவிட்டது

2020 டிசம்பர் மூன்றாவது வாரம் வந்த ஒரு கடிதம் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. குடியிருப்போர் சங்கம் அனுப்பியது. எங்கள் வீட்டு முன்புறத்தின் புகைப்படம் ஒன்று, கீழே இரண்டு வரி: முன்புறப் புல் செத்துவிட்டது, 14 நாளுக்குள் சரிசெய்யவும். மூன்றாவது வரி அபராதம் பற்றியது. கொரோனாவுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த காலம் அது. இரண்டு மூன்று நாள் வேறு எந்த நினைப்பும் ஓடவில்லை. அபராதம்கூடப் பெரிதாக உறுத்தவில்லை, 'செத்துவிட்டது' என்ற சொல்தான் உறுத்தியது. அந்தப் புல்லை எனக்குத் தெரியும். என் அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவ்வளவு லேசில் சாகிற ரகம் இல்லை அது.

நாங்கள் இருப்பது அரிசோனாவில், பீனிக்ஸுக்குத் தென்கிழக்கே சாண்ட்லரில். சிப் தொழிற்சாலை வேலைக்கு வந்து தங்கிவிட்ட நம்மவர்கள் நிறையப் பேர் இங்கே உண்டு. வருடத்துக்கு 7 அங்குலம் சொச்சம் மழை பெய்தால் அதிகம். மழைக்கு ஏங்கிக் கிடக்கும் எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காடே இதைப்போல நாலு மடங்கு மழை பார்க்கும். 2014இல் இந்த வீட்டை வாங்கியபோது முன்னால் 600 சதுர அடி, பின்னால் 250 சதுர அடி புல் விரித்துக் கொடுத்திருந்தார்கள். பாய் மாதிரிச் சுருட்டி லாரியில் கொண்டுவந்து விரிக்கிற புல். பெர்முடா என்றார்கள். தண்ணி லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய ஊரில் பிறந்தவனுக்கு, பாலைவனத்தில் வாசலுக்கு முன்னால் பச்சையாக 600 சதுர அடி. அந்தப் பெருமை எனக்கு இல்லாமல் இல்லை. முதல் வாரம் வீட்டைவிடப் புல்லைத்தான் அதிகம் படமெடுத்து அனுப்பினேன்.

முதல் வருடம் நான் செய்த அத்தனையும் தப்பு. தினமும் காலையில் பத்து நிமிடம் தண்ணீர் விட்டேன். குழந்தைக்குப் பால் கொடுப்பது போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் நல்லது என்று நினைப்பு. ஜூன் பிறந்து வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டதும் (நம் கணக்கில் 43) பச்சை மங்கி ஒரு சாம்பல் நீலம் ஏறியது. நடந்தால் கால் தடம் அப்படியே பதிந்து நின்றது, புல் நிமிரவில்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குப் புல் வெட்டும் மெக்சிகோக்காரப் பெரியவர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்துப் புல்லுக்குள் குத்தினார். இரண்டு அங்குலம் இறங்கி 'டக்'கென்று நின்றது. அவ்வளவுதான் உன் தண்ணீர் போயிருக்கிறது, வேரும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும் என்று பாதி ஸ்பானிஷிலும் பாதி கையாலும் சொன்னார். தினம் கொடுக்காதே, மூன்று நாளைக்கு ஒரு தடவை வயிறு நிறையக் கொடு, இந்தக் கம்பி முழுசாக இறங்க வேண்டும்.

கொடுப்பதிலும் ஒரு சிக்கல். இங்கே மண் களி. எட்டு நிமிடம் ஓடினாலே தண்ணீர் உள்ளே போகாமல் வழிந்து தெருவுக்கு வந்துவிடும். அடியில் சில இடங்களில் கலீச்சி என்று சுண்ணாம்புப் பாறை மாதிரி ஒரு படிவு வேறு, கடப்பாரை பட்டால் பொறி பறக்கும். அதனால் அதிகாலை நாலு மணிக்கு ஆரம்பித்து ஆறு நிமிடம், ஒரு மணி நேர இடைவெளி, மறுபடி ஆறு நிமிடம், மறுபடி ஒரு தடவை என்று பிரித்து விட்டேன். டூனா மீன் டப்பாக்கள் ஆறை அங்கங்கே வைத்து எந்த மூலையில் எவ்வளவு விழுகிறது என்று அளந்ததில், தபால் பெட்டி மூலைக்கு மற்ற இடங்களில் விழுவதில் பாதிகூட விழவில்லை என்று தெரிந்தது. அந்த மூலை மட்டும் ஏன் எப்போதும் சொறி பிடித்த மாதிரி இருக்கிறது என்பதற்குப் பூச்சி, பூஞ்சை, பக்கத்து வீட்டு நாய் என்று பல காரணங்கள் வைத்திருந்தேன். தலை அடைத்துப்போன ஒரு தெளிப்பான், அவ்வளவுதான்.

உரம் போட்டது தனிக் கதை. உப்பும் சுண்ணாம்பும் தூக்கலான மண் என்பதால் இங்கே அமோனியம் சல்ஃபேட்தான் பலரும் போடுவது. உரம் வீசும் வண்டி இருபது டாலர் என்றார்கள். வயலில் அப்பா வீசுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வண்டி எதற்கு என்று ஜூன் மாத உச்சி வெயிலில் கையாலேயே வீசினேன். தொலைபேசி வந்தது, உள்ளே போய்விட்டேன், உடனே தண்ணீர் விடவில்லை. இரண்டு நாளில் புல்லின் மேல் என் கைவீச்சு அப்படியே மஞ்சள் வளைவுகளாகத் தெரிந்தது. எந்த இடத்தில் நின்றேன், எந்தப் பக்கம் திரும்பினேன் என்பதுவரை தெருவில் போகிறவர்கள் படித்துக்கொள்ளலாம்.

அப்பா குத்தவைத்துப் பார்த்தது

2016 ஆகஸ்டில் அப்பா வந்தார். வந்த மறுநாள் விடியற்காலை, தூக்கம் வராமல் வெளியே போனவர் புல்லில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். நான் காபியோடு போனேன். ஒரு கொடியை இழுத்து, கணுவைக் கிள்ளி, இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏய்யா, இது அருகுல்ல?"

"பெர்முடான்னு சொல்றாங்கப்பா."

"என்ன எழவோ சொல்லட்டும். இது அருகு. கொஞ்சம் மெலிஞ்சிருக்கு. இதுக்கா வெள்ளன எந்திரிச்சுத் தண்ணி பாய்ச்சுறே?"

சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. காபி ஆறியது. கரிசலில் அருகு விழுந்த நிலம் என்றால் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார். கோடையில் மண் வெடித்துக் கிடக்கும்போது கடப்பாரை போட்டுக் கட்டி கட்டியாகப் புரட்டி, வேரைப் பொறுக்கி, வெயிலில் காயவைத்து எரிப்பார்கள். ஒரு துண்டு தப்பினால் அடுத்த மழைக்கு அது ஒரு பாத்தியாகிவிடும். அவருடைய முதுகு வளைந்ததில் பாதி அருகால்தான். அந்த மனிதரின் மகன் கடன் வாங்கி அருகு வளர்க்கிறான்.

அவர் சொன்னது சரிதான். பெர்முடா புல்லுக்கும் பெர்முடா தீவுக்கும் பிறப்புத் தொடர்பு கிடையாது. சைனோடான் டாக்டிலான் என்பது அதன் அறிவியல் பெயர், நம் அருகம்புல்தான், ஆப்பிரிக்கா, ஆசியா, ஐரோப்பா என்கிற பழைய உலகத்தின் புல். என் வாசலில் இருந்த ரகத்துக்கு டிஃப்வே 419 என்று பெயர். ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி அருகையும் அதன் ஆப்பிரிக்கப் பங்காளி ஒன்றையும் கலந்து உண்டாக்கி, 1960இல் வெளியே விட்டது. கலப்பு என்பதால் மலடு, விதை கட்டாது. கொடியாலும் வேராலும் மட்டுமே பரவும். அப்பா மெலிந்திருக்கிறது என்று சொன்னது அந்த ஆப்பிரிக்க வழி. அவர் ஒரு கிள்ளலில் சொன்னதை நான் தேடிப் படித்து உறுதிசெய்ய ஒரு மாலைப்பொழுது ஆனது.

'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி' என்று என் கல்யாணத்தில் வாழ்த்தியதை அன்று ஞாபகப்படுத்தினேன். "அதப் பாடுனவன் மம்பட்டி பிடிச்சிருக்க மாட்டான்" என்றார்.

அவருக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்துப்போனது ஒன்றுதான். பீனிக்ஸின் பழைய பகுதியில் நண்பர் ஒருவர் வீடு. அந்த வட்டாரம் முன்பு விவசாய நிலம், நிலத்தோடு தண்ணீர் உரிமையும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. 1911இல் கட்டி முடித்த ரூஸ்வெல்ட் அணையின் தண்ணீரைச் சால்ட் ரிவர் ப்ராஜெக்ட் என்ற நீர் வழங்கும் அமைப்பு கால்வாய்களில் கொண்டுவந்து முறை வைத்துக் கொடுக்கிறது. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ராத்திரி இரண்டு மணியானாலும் உங்கள் முறை வந்தால் எழுந்து போய் மடையைத் திறக்க வேண்டும். புல்வெளியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வரப்பு! உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் நிலா வெளிச்சத்தில் நிற்கிறது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். கால்வாயைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு இங்கே சான்ஹேரோ என்று ஸ்பானிஷ் பெயர், இன்றும் அந்தப் பெயரில்தான் வேலை. நம் ஊர்க் கண்மாய் நீர்பாய்ச்சிதான். "அப்ப மொறைக்குச் சண்டை வருமே?" என்று கேட்டார் அப்பா. வரும் என்றார் நண்பர். அப்பாவுக்கு நிறைவாக இருந்தது.

சாணி மணக்கும் அக்டோபர்

அருகு வெயில் காலத்துப் பயிர். இரவிலும் சூடு இருந்தால்தான் அதற்குக் கொண்டாட்டம். மண்ணின் சூடு 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் (நம் கணக்கில் 10) கீழே போனால் வேலையை நிறுத்திவிட்டு, இலையில் இருப்பதை எல்லாம் வேருக்கு இறக்கிக்கொண்டு, மேலே வைக்கோல் நிறமாகி உறங்கிவிடும். இங்கே டிசம்பர் தொடங்கி மாசி வரை அந்த நிறம்தான். இந்த ஊருக்கு அது பிடிப்பதில்லை. குளிருக்குத் தப்பி வடக்கிலிருந்து ஆட்கள் வந்து குவியும் மாதங்கள், கோல்ஃப் ஆடும் மாதங்கள், வீடு விற்கும் மாதங்கள் அவைதான். அதனால் அக்டோபரில் அருகை மொட்டையாக மழித்து, அதன் மேலேயே ரை என்ற குளிர்காலப் புல்லை விதைக்கிறார்கள். விதைமேல் மாட்டுச்சாண எருவைத் தூவுவார்கள். அக்டோபர் முழுக்க ஊரே தொழுவம் மாதிரி மணக்கும். கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே காரில் போகும்போது திடீரென்று ஜன்னல் வழியாகச் சாணி வாசனை வந்தால் எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்யும். மற்றவர்கள் ஜன்னலை ஏற்றிக்கொள்வார்கள்.

நானும் மூன்று வருடம் விதைத்தேன். 600 சதுர அடிக்கு ஏழு பவுண்டு விதை, முளைக்கும்வரை பத்து நாள் தினம் மூன்று நாலு தடவை லேசாகத் தண்ணீர். நவம்பரில் வாசல் கேரம்போர்டு மாதிரி வழவழவென்று நின்றது. ரை புல்லின் பச்சை வேறு, எண்ணெய் தடவிய மாதிரி மினுங்கும். யார் வந்தாலும் நின்று பார்ப்பார்கள். பிரச்சினை அதற்கு அப்புறம். மார்ச்சில் அருகு கண் விழிக்கிறது, தலைக்கு மேல் அடர்த்தியாக ரை நிற்கிறது. நிழலை அருகு தாங்காது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் ரை போகாமல் உட்கார்ந்திருக்கும். ஒட்ட வெட்டிப் பார்ப்போம், தண்ணீரைக் குறைத்துப் பார்ப்போம். பிறகு ஜூனில் ஒரு வாரம் 108, 110 என்று அடிக்கும், ரை மொத்தமாகப் படுத்துவிடும். அப்போது அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் வெறும் மண். முதல் வருடம் தட்டு அளவு மூன்று சொட்டை. மூன்றாம் வருடம், 2019 ஜூனில், கட்டில் போடலாம் போல ஒரு சொட்டை. நல்ல வெயிலில் தன்பாட்டுக்குக் கொழுத்துப் பரவ வேண்டிய புல்லை, அதன் சொந்தப் பருவத்தில் நானே மூச்சுமுட்ட வைத்திருக்கிறேன்.

தொலைபேசியில் சொன்னபோது அப்பாவுக்கு முதலில் புரியவே இல்லை. "அது தூங்குற நேரம் தூங்கட்டுமேய்யா. தூங்குறவன் மேல இன்னொருத்தனக் கொண்டாந்து படுக்கப் போட்டா?" என்றார். அந்த அக்டோபரில் விதைக்கவில்லை. முதல் குளிர்காலம் யாரும் கவனிக்கவில்லையோ என்னவோ, தப்பித்துவிட்டேன். இரண்டாவது டிசம்பரில்தான் கடிதம்.

கடிதம் வந்து மூன்றாம் நாள் காலை, மெக்சிகோப் பெரியவர் பழக்கிவிட்ட அதே ஸ்க்ரூடிரைவரோடு வெளியே போனேன். நல்ல குளிர். புல்லின் நுனிகளில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. மண்டியிட்டதும் முழங்காலில் ஈரம் ஏறியது. மேலே இருந்தது வைக்கோல்தான், சந்தேகமே இல்லை, கையால் கசக்கினால் பொடியாக உதிர்ந்தது. படமெடுத்தவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு விரற்கடை தோண்டினேன். மண்ணுக்குள் தந்தம் போல வெள்ளையாக ஒரு வேர்த்தண்டு, பென்சில் ஈயத்தைவிடக் கொஞ்சம் தடிமன், அரை அங்குலத்துக்கு ஒரு கணு. கணுவில் ஊசிமுனை மாதிரி ஒரு முளை, செதிலைப் போர்த்திக்கொண்டு மேல்நோக்கித் திரும்பி உட்கார்ந்திருந்தது. ஒடித்தேன். 'பட்'டென்று ஒடிந்து ஈரம் கசிந்தது. சின்ன வயதில் வரப்பில் உட்கார்ந்து அருகின் அடித்தண்டை உருவிச் சவைப்போம், லேசாக இனிக்கும். இங்கேயும் யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு வாயில் வைத்தேன். மண்ணும் சேர்ந்துதான் வந்தது. அப்புறம் இனித்தது.

அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆறு வருடமாக இந்தப் புல்லோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். டப்பா வைத்து அளந்திருக்கிறேன், உரத்துக்குக் கணக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் குளிர்காலத்தில் ஒரு தடவைகூடத் தோண்டிப் பார்த்ததில்லை. வைக்கோல் நிறத்தை நானும் ஒரு கோளாறாகத்தான் நினைத்து, மூன்று அக்டோபர் அதன்மேல் பச்சை விரித்து மூடியிருக்கிறேன். எங்கள் ஊரில் பங்குனி, சித்திரையில் வரப்பெல்லாம் இதே நிறம்தான். அருகு செத்துவிட்டது என்று அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. செத்தால் தேவலை என்றுதான் சொல்வார்கள்.

வேர்த்தண்டைக் கழுவி வெள்ளைத் தாளில் வைத்துப் படமெடுத்து, இது உறங்குகிறது, சாகவில்லை, மார்ச்சில் வரும் என்று சங்கத்துக்கு எழுதினேன். பதில் மரியாதையாகவே வந்தது. வசந்தம்வரை அபராதம் இல்லை. ஆனால் அடுத்த குளிர்காலத்தில் முன்புறம் பச்சையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அனுமதிக்கப்பட்ட பாலைவனத் தோட்டமாக மாற்றிக்கொள்ள வேண்டும். சாயம் அடிப்பதும் ஏற்புடையதே என்று ஒரு குறிப்பு. உறங்கும் புல்லுக்கு அடிக்க இங்கே பச்சைச் சாயம் விற்கிறார்கள், வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தபால் பெட்டி மூலையில் கொஞ்சம் அடித்தும் பார்த்தேன். ஊர்க் கோயில் கதவுக்கு அடிக்கும் பெயிண்ட் நிறம். மனைவி வெளியே வந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கொல்வதற்கு முன் சோறு போடுவது

2021இல் முன்புறப் புல்லை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கடிதத்துக்காக மட்டும் என்று சொன்னால் பொய். 600 சதுர அடியில் ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்த 374 கேலன் வேண்டும், 1,400 லிட்டர் சொச்சம். ஜூனில் வாரத்துக்கு இரண்டு அங்குலம் கேட்கும். பதினைந்து லிட்டர் குடத்தில் கணக்குப் போட்டால் வாரம் 190 குடம். இந்தக் கணக்கை நான் வெகுநாள் போடாமலேயே இருந்தேன், குடத்தில் போட்டிருக்கவே கூடாது. அந்த வருடம் ஆகஸ்டில் கொலராடோ ஆற்றில் முதல் தடவையாக அதிகாரபூர்வமாகப் பற்றாக்குறை அறிவித்து, அரிசோனாவின் பங்கில் 5,12,000 ஏக்கர் அடியை (ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஒரு ஏக்கர் அடி) 2022க்கு வெட்டினார்கள். பக்கத்து நெவாடாவில் யாருக்கும் பயன்படாத அலங்காரப் புல்லுக்கு 2026 முடிந்த பிறகு கொலராடோ தண்ணீரே கிடையாது என்று சட்டம் போட்டார்கள். வீடுகளுக்கு அது பொருந்தாதுதான். ஆனால் படித்தபோது என் வாசல்தான் நினைவுக்கு வந்தது. வெட்டும் இயந்திரத்தோடு நான் போவதைத் தவிர அந்த 600 சதுர அடியில் யாரும் கால் வைத்ததில்லை. பின்னால் இருக்கும் 250இல்தான் மகள் உருள்வதும் நாங்கள் சாயங்காலம் உட்காருவதும். அதை எடுக்கிற எண்ணம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. புல்லே கூடாது என்பவர்களோடு எனக்கு ஒட்டாது. எதிர்வீட்டில் பிளாஸ்டிக் புல் போட்டார்கள், ஜூலை மதியம் அதில் வெறுங்காலோடு இறங்கிய பிள்ளையின் பாதம் கொப்பளித்துவிட்டது.

அருகைக் கொல்ல ஒரு விதி உண்டு. உறங்கும்போது மருந்து ஏறாது. நன்றாகத் தின்று கொழுத்து வளரும்போது அடித்தால்தான் இலை வழியாக இறங்கி வேருக்குப் போகும். ஆகவே ஜூலையில் அதற்கு வழக்கத்தைவிட நன்றாகத் தண்ணீர் விட்டேன், உரம் போட்டேன் (வண்டி வைத்து). அந்தப் புல் அவ்வளவு அழகாக இருந்ததே இல்லை. மூன்றாம் வாரம் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்தேன். பழுத்தது. தண்ணீர் விட்டேன், பச்சை தெரிந்தது, மறுபடி அடித்தேன். மூன்று சுற்று. பிறகு மண்ணைச் சுரண்டி, சரளை பரப்பி, ஒரு பாலோ வெர்டே மரமும் நாலைந்து கள்ளிச் செடிகளும் வைத்து, சொட்டுநீர்க் குழாய் போட்டேன். சங்கம் உடனே ஒப்புதல் தந்தது. "மருந்தடிச்சா மேலதான் சாகும், பாத்துக்கோ" என்றார் அப்பா.

2022 மேயில் பாலோ வெர்டேயின் சொட்டுவாய் அருகே சரளைக்கு இடையில் முதல் கொடி. அப்புறம் ஒவ்வொரு சொட்டுவாயிலும் ஒன்று. விதையில்லாத மலட்டுப் புல், எங்கிருந்தோ தப்பிய ஒரு விரற்கடைத் துண்டுதான் காரணம். மாதம் ஒரு முறை மருந்துத் தெளிப்பானோடு சுற்றி வருவது வழக்கமாகிவிட்டது. 2023 ஜூன் கடைசி நாள் தொடங்கி ஜூலை 30 வரை, தொடர்ந்து 31 நாள், பீனிக்ஸில் வெயில் 110க்குக் குறையவில்லை. இரவில் வாசலுக்கு வந்தால் சரளையிலிருந்து அடுப்படி மாதிரி அனல் வந்தது. புல் இருந்த காலத்தில் அந்த நேரத்துக்குச் செருப்பில்லாமல் நிற்கலாம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த செப்டம்பர் பிள்ளையார் சதுர்த்தியன்று காலை மனைவி கேட்டாள், "அருகம்புல் இருபத்தொண்ணு வேணும். எங்க பறிக்க?" பின்புறப் புல்லில் முந்தின நாள்தான் உரம் போட்டிருந்தேன். "அப்ப முன்னாடி கல்லுக்குள்ள வர்றது? அதுல மருந்து அடிச்சீங்களா இல்லையா?" எதில் அடித்தேன், எதில் அடிக்கவில்லை என்று எனக்கே நிச்சயமில்லை. மூவரும் வாசலில் நின்றோம். மகள்தான் கண்டுபிடித்தாள். பக்கச் சுவரோரம் ஏசி தண்ணீர் சொட்டும் குழாய்க்குக் கீழே, குப்பைத்தொட்டிகளுக்குப் பின்னால், நான் ஒருநாளும் எட்டிப் பார்க்காத இடத்தில், முறம் அளவுக்கு ஒரு பச்சை. ஏசி இரண்டு மாதமாக நிற்காமல் ஓடிய தண்ணீர்.

வீடியோவில் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று இலை விரிந்த நுனியாகப் பார்த்துக் கிள்ளச் சொன்னார். மகள் ஒவ்வொன்றாக எண்ணிப் பறித்தாள். பதினேழாவதை இழுத்தபோது கொடியோடு வேரும் சேர்ந்து வந்துவிட்டது. நுனியைக் கிள்ளித் தட்டில் வைத்துவிட்டு, மிச்சத்தைக் குழாய்க்கு நேர் கீழே சரளையை விலக்கிச் செருகி, இரண்டு கல்லை எடுத்து இருபுறமும் வைத்து அழுத்தினாள். அப்பா கோவில்பட்டியிலிருந்து கத்தினார், "ஏ பாப்பா, அதுக்கெல்லாம் நடவு வேண்டாம்மா, தூக்கி எறி, அது போதும்!"